பூண்டு உரிக்கிற வீடு

அந்த வருஷமும் ஆடியில் காற்றுதான் வந்தது, மழை வரவில்லை. கம்பைநல்லூருக்கு மேற்கே மூன்று மைலில் இருக்கிற புளியங்கொட்டாயில் அர்ச்சுனனுக்கு இரண்டரை ஏக்கர் மேட்டுக்காடும் ஒரு கிணறும் உண்டு. கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. ஒரு உழவு மழை இறங்கினால் போதும், போட்டுவிடலாம் என்று விதைக்கடலையை உரித்துப் பொறுக்கி இரண்டு பானைகளில் வாய்கட்டி வைத்திருந்தான். அந்த இரண்டு பானையையும் அவன் மனைவி ராணியம்மாள் ஒருநாள் மத்தியானம் மாட்டுத்தொட்டியில் கவிழ்த்து, தண்ணீர் ஊற்றி, முழங்கைவரை கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அர்ச்சுனன் அவளை அடித்தான்.

கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் அவன் கை ஓங்கியதில்லை. அதனால் அடித்த கைக்கும் அளவு தெரியவில்லை. அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. நிமிர்ந்து பார்த்து, "மாட்டுக்குப் பசிக்காதுங்களா?" என்று கேட்டாள். சந்தையில் முன்பின் தெரியாத ஆள் இடித்துவிட்டுப் போனால் கேட்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ராணியம்மாள் களையெடுக்க இறங்கினால் மற்ற பெண்கள் அவளுக்குப் பின்னால்தான் நிரை பிடிப்பார்கள். அவள் வேகம்தான் அன்றைய வேகம். ஒருநாள் நிரைக்கு நடுவில் நிமிர்ந்து நின்று, "எந்தப் பக்கம் போவணும்டி?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. அடுத்த மாதம் தண்ணீர் வைக்காத பானையில் ராகி மாவைக் கொட்டிக் கிளறினாள். மாவு கருகி வீடெல்லாம் புகை. அதற்கப்புறம் ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வர வழி தெரியாமல் ஏரிக்கரையில் நின்றாள். பேய் என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள், சேவல் அறுத்தார்கள். "நாப்பத்தஞ்சு கூட ஆவல, அதுக்குள்ள கெழவிங்களுக்கு வர்ற மாதிரி அறள பேந்துடுச்சு" என்று குழாயடியில் சொன்னார்கள்.

மகளைக் கட்டிக்கொண்டு பெங்களூரில் கட்டட வேலை செய்கிற மருமகன்தான் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் பொறுமையான மனிதர். "எழுபது வயசுக்கு மேல வர்றது, இவங்களுக்கு சீக்கிரமே வந்துடுச்சு. மூளை கொஞ்சங்கொஞ்சமா சுருங்குது. இத நிறுத்த மருந்து இல்லப்பா" என்றார். வெளியே வந்தபோது கன்னடம் கலந்து தமிழ் பேசுகிற நர்சம்மா ஒரு துண்டுச்சீட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"நீவு கம்பைநல்லூர்தானே? அந்த ஊர் அம்மா ஒருத்தர் போன வருஷம் அவங்க யஜமானர, அதான் வீட்டுக்காரர, கூட்டிட்டு வந்தாங்க. இதே நோவு. எங்க பக்கத்து ஆளு யாராவது வந்தா குடுங்கன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க."

ரஹமத் பீவி, முகம்மது கவுஸ் சமையல்காரர் வீடு, பள்ளிவாசல் பின்தெரு. அவ்வளவுதான் அதில் இருந்தது. முன்பின் தெரியாதவர் வீட்டில் போய் என்ன பேசுவது என்று அர்ச்சுனன் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி நாலு மாதமாயிற்று.

அடித்த மறுநாள் சந்தை. ராணியம்மாளின் கன்னத்தில் மூன்று விரல் பதிந்து நின்றது. அவன் அவளுக்குத் தலை வாரி, பின்னல் போட்டு, சேலையைச் சுற்றி, கொசுவம் நழுவாமல் இருக்க இரண்டு ஊக்கு குத்தினான். இதெல்லாம் ஒரு வருஷமாகப் பழகியது. அப்புறம் சீட்டை எடுத்துக்கொண்டு அவளோடு கம்பைநல்லூர் பஸ் ஏறினான்.

பின்தெருவுக்குள் திரும்பும்போதே பூண்டு வாசனை வந்தது. ஓட்டு வீடு. உள்ளே கோணியில் பூண்டு, முறத்தில் பூண்டு, தரையெல்லாம் காற்றில் பறக்கிற பூண்டுத் தோல். கல்யாணச் சமையல்காரர்களுக்குப் பூண்டும் வெங்காயமும் உரித்துக் கொடுத்துத்தான் ரஹமத் பீவி குடும்பம் நடத்தினாள். ஒல்லியான உடம்பு, நாற்பத்தாறு வயதிருக்கும். சுவரோரம் வெள்ளை பனியனும் கட்டம்போட்ட லுங்கியுமாகக் கவுஸ் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக உரித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அரூரிலிருந்து தருமபுரி வரைக்கும் எந்தப் பெரிய விருந்தானாலும் அவருடைய தேக்சா அண்டா ஏறாமல் அடுப்பு பற்றாது. ஒரு கல்யாணத்தில் உப்பை மூன்றுமுறை போட்டார். அடுத்த கல்யாணத்தில் அரிசி போடவே மறந்து, கொதிக்கிற தண்ணீரைக் கிளறிக்கொண்டு நின்றார். ஐம்பது வயது ஆகவில்லை.

ரஹமத் பீவி சீட்டைப் பார்த்தாள். ராணியம்மாளின் கன்னத்தைப் பார்த்தாள். "வாங்கண்ணா. ஒக்காரும்மா" என்று பாயை விரித்தாள். ராணியம்மாள் பாயில் உட்காராமல் நேரே முறத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்து உடைத்தாள்.

"பாயம்மா, நேத்து நான் அடிச்சிப்புட்டன்" என்றான் அர்ச்சுனன். டீயைக்கூட இன்னும் வாங்கவில்லை. "வெதைய கொட்டிப்புட்டா. அதுக்கு அடிச்சிப்புட்டன். பச்ச புள்ளய அடிச்ச மாதிரி இருக்குது. எங்க அக்காகிட்ட கூட சொல்லல."

ரஹமத் பீவி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் அவளும் உரித்தாள்.

"நீங்க அடிச்சத சொல்லிட்டீங்க. நான் ஒண்ணு சொல்றன், கேட்டுக்குங்க. போன ரம்ஜானுக்கு முந்தி, இவர உள்ள வச்சு வெளித்தாப்பா போட்டுட்டு எங்க தங்கச்சி வூட்டுக்குக் கெளம்பிட்டன். அடுப்பு மேடையில தீப்பெட்டி இருந்துச்சு. பக்கத்துல மண்ணெண்ண டின்னு. நான் பாத்தன். பாத்துட்டுத்தான் எடுக்காம போனன்."

அர்ச்சுனன் எடுத்த டம்ளரைக் கீழே வைத்தான்.

"தெரிஞ்சேதான் போனன் அண்ணா. எது நடந்தாலும் நடக்கட்டும், ரெண்டு பேருக்கும் விடுதலன்னு போனன். பஸ்ஸு மொரப்பூர் தாண்டல, எறங்கிட்டன். ஓடி வந்து கதவத் தொறந்தா, கதவுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டு இருக்காரு. 'யாரும்மா, வூட்டுக்காரங்க வெளிய போயிருக்காங்க'ன்னு என்கிட்டயே சொல்றாரு. அன்னிலிருந்து வெளித்தாப்பா போடறதில்ல. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா என்னய சும்மா விடுவாங்களா? உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுது."

அவன் தலையைக் குனிந்து அழுதான். அழட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தை நாளும் அவன் ராணியம்மாளை அழைத்துக்கொண்டு வந்தான். வரும்போது ஒரு படி அவரையோ, ஒரு கட்டுக் கீரையோ, தோட்டத்தில் எது பிழைத்திருந்ததோ அது. ரஹமத் பீவி அவனுக்குத் தெரியாதவற்றைச் சொல்லிக் கொடுத்தாள். "குளிக்க வைக்கும்போது தலையில எடுத்த ஒடனே ஊத்தாதீங்க, பயந்துக்குவாங்க. பாதத்துல ஆரம்பிச்சு மேல வாங்க." "பஸ் கண்டக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லி வைங்க. டீக்கடையிலயும் சொல்லுங்க. மறச்சா நமக்குத்தான் கஷ்டம்." அவனுக்கும் அவளிடம் சொல்ல ஒன்று இருந்தது. கவுஸ் சாயங்காலமானால் வீட்டுக்குப் போகணும் என்று வாசலில் நிற்பார், சொந்த வீட்டிலிருந்தே. "எங்க வூட்லயும் அப்படித்தான். நான் 'சரி வா'ன்னு கூட்டிட்டு ஏரி வரைக்கும் போயி ஒரு சுத்து சுத்தி திரும்ப கூட்டியாந்துடுவன். வந்ததும் வூடு வந்துடுச்சுன்னு ஒக்காந்துக்குவா" என்றான். ரஹமத் பீவி அன்று சாயங்காலமே செய்து பார்த்தாள். பலித்தது.

உரித்துக்கொண்டே கவுஸும் ராணியம்மாளும் பேசுவதை இவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"எத்தன பேருக்கு சமையல்?" என்பார் கவுஸ்.

"மழ வந்தா மூணு மூட்ட வரும்ங்க" என்பாள் ராணியம்மாள்.

"அப்ப ரெண்டு தேக்சா போதும்."

"போதுங்க. போன வருசமும் ரெண்டுதான்."

இருவருக்கும் திருப்தியாக இருக்கும். வீட்டில் வாரம் முழுக்க நாலு வார்த்தை பேசாதவள் இங்கே வந்தால் வாய் ஓயாமல் பேசினாள். தப்பு என்று திருத்த எதிரில் ஆள் இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஐப்பசி பிறந்த வாரம் அரூரிலிருந்து அவன் அக்கா குள்ளம்மாள் வந்து இறங்கினாள். வந்தவள் முதலில் வீட்டைக் கூட்டினாள், பானை கழுவினாள், களி கிண்டி அவரைக்காய்க் குழம்பு வைத்தாள். தம்பி வாய் நிறையச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்செடுத்தாள்.

"வாரம் தவறாம பாய் வூட்ல போயி ஒக்காந்துக்கறியாமே. ஊர்ல பேசறது என் ஊருக்கே வருதுடா."

"பேசட்டுமேக்கா. நீ வந்து ஒருநா பாரு, என்ன பண்றோம்னு."

"நான் எதுக்குடா பாக்கணும்? எனக்குத் தெரியாதா உன்னய. உனக்கு ஒரு பொம்பள தொண வேணும் வூட்ல. காவேரி இருக்கறா, நம்ம மாமன் வழி. கட்டனவன் உட்டுட்டுப் போயி ஏழு வருசம். நல்ல வேலக்காரி. ராணிய தொரத்தச் சொல்லல. அவளுக்கும் சேத்து கஞ்சி ஊத்துவா. என்ன சொல்ற?"

அர்ச்சுனன் உடனே மறுத்திருந்தால் கதை வேறு. அவன் மறுக்கவில்லை. சுடுகளி வயிற்றில் இறங்கியிருந்தது. மூன்று வருஷமாக யாரும் அவனை உட்கார வைத்துப் பரிமாறியதில்லை.

அடுத்த சந்தையில் ரஹமத் பீவியிடம் சொன்னான். அவள் திட்டுவாள் என்று நினைத்தான்.

"எனக்கு அந்த வழி கெடையாது. இருந்திருந்தா நானும் யோசிச்சிருப்பன்" என்றாள். "போயி பாத்துட்டு வாங்கண்ணா. பாக்காம முடிவு பண்ணாதீங்க. ராணிம்மாவ இங்க உட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறன்."

மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. சொன்னால் அவன் போகமாட்டான் என்று அவள் அதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் ராணியம்மாளை விட்டுவிட்டு அர்ச்சுனன் அரூருக்குப் போனான். குள்ளம்மாள் வீட்டில் கேசரி கிண்டி வைத்திருந்தார்கள். காவேரி அலங்காரம் எதுவும் இல்லாமல் சாதாரணச் சேலையில் வந்து நின்றாள். வெயிலில் உழைத்த கை. முப்பத்தாறு வயது இருக்கும். குள்ளம்மாள் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போனபோது காவேரியே கேட்டாள்.

"நான் வந்தா, அக்காவ பாத்துக்குவன். அதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா ஒண்ணு. அவங்க என்னயக் காட்டி 'இது யாரு'ன்னு கேட்டா, நீங்க என்ன சொல்லுவீங்க?"

வேலைக்காரி என்று சொல்வானா? உன் தங்கச்சி என்று சொல்வானா? உள்ளதைச் சொன்னால் ராணியம்மாள் அதை மறந்துபோவாள், மறுநாளும் கேட்பாள். தினமும் அவளிடம் அதைச் சொல்லவேண்டியிருக்கும்.

"தெரியலீங்க" என்றான்.

"எனக்கும் தெரியல. அதான் கேட்டன்" என்றாள் காவேரி. கோபமில்லை அவளுக்கு. கேசரித் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நாலு மணி பஸ்ஸில் அவன் கம்பைநல்லூரில் இறங்கியபோது ரஹமத் பீவி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். முக்காடு நழுவியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"அண்ணா, ரெண்டு பேரையும் காணம்."

"என்னாது?"

"மத்தியானம் கண்ணு அசந்துட்டன். ஒடம்பு சரியில்ல. எழுந்து பாக்கறன், கதவு தொறந்து கெடக்குது. தெருவெல்லாம் தேடிட்டன். பள்ளிவாசல்ல சொல்லி நாலு பேர ஆத்துப் பக்கம் அனுப்பியிருக்கன்."

அர்ச்சுனன் அவள் முகத்தைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் அடுப்பு மேடையும் தீப்பெட்டியும் அவன் மனதில் வந்துபோயின. அது அவன் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இல்லண்ணா" என்றாள் ரஹமத் பீவி. "அல்லா மேல சத்தியமா இல்ல. இந்தத் தடவ இல்ல."

அவன் அவள் நெற்றியில் புறங்கையை வைத்தான். ஊரே பார்க்கிற இடம். நெற்றி கொதித்தது. "இதோட எதுக்கு எழுந்து வந்தீங்க" என்றான். "வாங்க, இருமத்தூர் ரோட்ல பாக்கலாம். ஆத்துப் பக்கம் போற ஆளுங்க இல்ல ரெண்டு பேரும். ரோட்டப் பாத்தா ரோட்டோட போவாங்க."

சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி அவளைப் பின்னால் உட்கார வைத்து மிதித்தான். எதிரில் செங்கல் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தன. வழியில் மாடு மேய்த்தவளைக் கேட்டார்கள். புளியமரத்தடியில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டார்கள். "ஒரு பாயும் ஒரு அம்மாவும் போனாங்க. அந்தம்மா பாயோட துண்டு முனையப் புடிச்சிக்கிட்டு போனாங்க" என்றார் அவர். "லாரி வந்தப்ப அந்தம்மாதான் அவர ஓரமா இழுத்து நிறுத்துனாங்க."

மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது அர்ச்சுனன் சொன்னான்.

"பாயம்மா. நீங்க காணம்னு சொன்னீங்க பாருங்க, அப்ப எனக்கு ஒரு நிமிசம், ஒரே நிமிசம்… அப்பாடான்னு இருந்துச்சு."

ரஹமத் பீவி நின்று மூச்சு வாங்கினாள். "தெரியும்" என்றாள். "எனக்கும் எழுந்தப்ப இருந்துச்சு. அப்புறந்தான் கை காலு ஓடல."

இரண்டு பேரும் மேலே நடந்தார்கள்.

மேடு இறங்கியதும் வயலுக்கு நடுவில் ஒரு வீட்டில் பந்தல் போட்டு ட்யூப்லைட் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் முகூர்த்தம். வீட்டுக்குப் பின்னால் கோட்டை அடுப்பில் புகை எழும்பியது. ரஹமத் பீவி முகத்தைத் தூக்கி மோந்தாள். "சமையல்" என்றாள். "சமையல் வாசன வந்தா நிப்பாரு அண்ணா."

அடுப்பங்கரையில் கீற்று மறைப்புக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து, பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு நடுவில் கவுஸ் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ரஹமத் பீவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கரண்டியோடு வந்தவன் மாரியப்பன், இப்போது அந்தப் பக்கத்தில் பேர்வாங்கிய சமையல்காரன். "பீவிம்மா, பயப்படாதீங்க. பாய்கிட்ட வேல செஞ்சவன்தான் நான். வந்து நின்னு, 'அடுப்பு மூட்டியாச்சா'ன்னாரு. 'ஆச்சுங்க பாய், ஒக்காருங்க'ன்னன். சொல்லி அனுப்பலாம்னா ஆளு இல்ல, வேல முடிஞ்சதும் நானே கூட்டியாரலாம்னு இருந்தன். கூட வந்த அம்மா யாருன்னு கேட்டதுக்கு, 'எங்கூட வேல செய்யறவங்க'ன்னாரு."

"ராணி எங்க?" என்றான் அர்ச்சுனன்.

மாரியப்பன் பந்தலைக் காட்டினான். முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. பரிமாறுகிறவர்களோடு ராணியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழம்பு வாளியும் கையுமாக இலைக்கு இலை குனிந்து நிமிர்ந்து வந்துகொண்டிருந்தாள். களையெடுப்பில் நிரை பிடித்த அதே வேகம். ஒரு பெண் பக்கத்திலேயே நடந்து, எந்த வரிசை என்று கைகாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

அர்ச்சுனன் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ரஹமத் பீவி மெதுவாக எழுந்து அவன் பக்கத்தில் வந்தாள். "போன காரியம் என்னாச்சுண்ணா?"

"அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுங்க. ஒரு கேள்வி கேட்டுச்சு. பதில் வரல. ஞாயித்துக்கெழம போயி அக்காகிட்ட சொல்லிட்டு வரணும், வேணாம்னு. அக்கா பேச மாட்டா கொஞ்ச நாளைக்கு" என்றான்.

"சந்தைக்கு வருவீங்களா? இன்னிக்கு நான் தூங்கிட்டன். இனிமே என்ன நம்பி…"

"காய்ச்சல்னா சொல்லணும். அது ஒண்ணுதான் கோவம்" என்றான் அர்ச்சுனன். "அடுத்த வாரம் நீங்க புளியங்கொட்டாய்க்கு வாங்க, ரெண்டு பேரும். நான் கோழி அடிக்கறன். பாய் சொல்லட்டும், எப்படி வெக்கணும்னு. நீங்க படுத்து நல்லா தூங்குங்க."

அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள்.

இதற்குள் ராணியம்மாள் வாளியோடு வரிசையின் இந்தக் கோடிக்கு வந்துவிட்டாள். பந்தல்காலோரம் நிற்கிற இரண்டு பேரையும் பார்த்தாள். நெற்றியில் வேர்வை, கன்னம் சிவந்திருந்தது. புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படிங்க? நீங்க பொண்ணு வூடா, மாப்பிள்ள வூடா?"

ரஹமத் பீவி அவனைப் பார்க்காமல் வேறுபக்கம் பார்த்தாள்.

"பொண்ணு வூடுங்க" என்றான்.

"பொண்ணு வூட்டுக்காரங்க பசியோட நிக்கலாமா? ஒக்காருங்க. அந்தம்மாவயும் ஒக்கார சொல்லுங்க."

கடைசியில் இரண்டு இலை காலியாக இருந்தது. உட்கார்ந்தார்கள். யாரோ சோறு வைத்தார்கள். ராணியம்மாள் வாளியை அவன் இலைக்கு நேராகப் பிடித்துக் கரண்டியைத் தூக்கினாள்.

"கொழம்பு ஊத்தட்டுங்களா?"

சோற்றில் குழி பறித்துக்கொண்டே அவன் நிமிர்ந்து பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளை வா, போ என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவன்.

"ஊத்துங்க" என்றான். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."